கருக்கும் அடும்பும்: யாழ்ப்பாணக் குடாநாட்டு வழியில் சங்கத் தாவரங்கள்

தமிழின் பழைய இலக்கிய மரபில் ஒரு செடியின் பெயரைச் சொல்வது ஓர் இடத்தையும் ஒரு பொழுதையும் ஒரு மனநிலையையும் ஒருசேரச் சொல்வதாகும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைகளும் தாவரப் பெயர்களையே தாங்கியுள்ளன. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றும், அந்நிலத்துக்குரிய மரம், பறவை, விலங்கு, உணவு, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றும், புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய ஒழுக்கங்களை உரிப்பொருள் என்றும் வகுத்தது. கருப்பொருளைச் சொல்லி அதனுள்ளே மாந்தர் மனத்தை மறைத்து வைக்கும் முறையை உள்ளுறை எனப் பெயரிட்டது. புறத்திணையிலும் ஆநிரை கவர்தலுக்கு வெட்சி, படையெடுப்புக்கு வஞ்சி, பொருது நிற்றலுக்குத் தும்பை, வெற்றிக்கு வாகை எனப் போரின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செடி அடையாளமாயிற்று. சேரர் பனம்பூவையும் சோழர் ஆத்தியையும் பாண்டியர் வேம்பையும் சூடியதால், பூவைக் கண்டே படையை அறியலாம் என்ற நிலை இருந்தது.

இத்தகைய முறை கண்ணால் கண்ட இயற்கையிலிருந்து பிறந்ததா, புலவர் பயிற்சியால் கைவந்த மரபா என்பது நெடுநாளைய வினா. அவ்வினாவை ஏட்டிலன்றி மண்ணில் வைத்துப் பார்க்க யாழ்ப்பாணக் குடாநாடு ஏற்ற இடமாகும். மலையே இல்லாத, ஆண்டு முழுதும் ஓடும் ஆறும் இல்லாத, சுண்ணாம்புக் கல்லின்மேல் மெல்லிய மண் போர்த்திய இந்நிலத்தில் குறிஞ்சிக்கு இடமில்லை. கிணற்று நீரால் விளையும் செம்மண் தோட்டங்களும் மாரி மழையை நம்பிய வயல்களும் மருதத்தின் சாயலைத் தருகின்றன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி கடலும் கடனீரேரியும் மணலும் சூழ்ந்த நெய்தல். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதி வழியாக வடமராட்சிக்குச் சென்று, கிழக்குக் கரையோரமாக உடுத்துறை வரை இறங்கி, பளை வழியாக ஏ9 நெடுஞ்சாலையில் திரும்பும் ஒரு சுற்று, நெய்தலின் கருப்பொருள்களில் பலவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டிவிடுகிறது.

மாசி மாதத்தில் இவ்வழியே செல்பவரின் கண்ணில் முதலில் படுவது வேலிகளில் பூத்த முருக்கு. யாழ்ப்பாணத்தார் முள்முருக்கு என்று சொல்லும் இம்மரத்தின் தடிகளைப் பூவரசு, கிளுவை ஆகியவற்றோடு சேர்த்துக் கதியாலாக, அதாவது ஊன்றினால் தளிர்க்கும் உயிர்வேலிக் கம்பாக, நடுவது இங்குள்ள வழக்கம். இலை உதிர்ந்த கிளைநுனியில் செந்நிறப் பூக்கள் கொத்தாக வெளிவருவதைச் சங்கப் பாடல்கள் இளவேனிலின் அடையாளமாகக் குறிக்கின்றன. பொருள்தேடிச் சென்ற தலைவன் திரும்பி வருவதாகச் சொன்ன பருவமும் சில பாடல்களில் அதுவே. அங்கே முருக்கு பூத்தது என்றால், சொன்ன நாள் வந்துவிட்டது, அவர் வரவில்லை என்று பொருள். இதே மரத்தின் தடிதான் யாழ்ப்பாணத்துத் திருமண வீட்டில் நல்ல நாள் பார்த்துக் கன்னிக்காலாக ஊன்றப்படுகிறது. மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்று, நீர் வார்க்கப்பெற்று, மணம் முடிந்தபின் வளவின் மூலையில் மரமாகவும் வளர்ந்துவிடுகிறது. பாடலில் பிரிவின் கணக்கைக் காட்டிய மரம் ஊர் வழக்கில் இணைவின் முதற்கால் ஆயிற்று. வெட்டி நட்ட தடியும் தளிர்க்கும் என்ற அதன் இயல்பே இரண்டாம் பொருளுக்கு அடிப்படை. இலையின்றிப் பூக்கும் இயல்பு முதற்பொருளுக்கு அடிப்படை.

வாழைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற நீர்வேலியில் அரசகேசரிப் பிள்ளையார் கோயில் உள்ளது. நல்லூர் அரச மரபைச் சேர்ந்தவரும், காளிதாசரின் காப்பியத்தைத் தமிழில் இரகுவம்சமாகச் செய்தவருமான அரசகேசரியின் பெயரை அக்கோயில் தாங்கியுள்ளது. வடமொழிக் காப்பிய மரபிலும் தாவரங்களுக்குக் குறிப்புப் பொருள் உண்டு: பெண்ணின் காலடி பட்டால் அசோகு பூக்கும் என்பது போன்ற புலவர் வழக்குகளை அம்மரபு கவிசமயம் என்று அழைத்தது. இரகுவம்சத்தின் பதின்மூன்றாம் சருக்கத்தில் இலங்கையிலிருந்து புட்பக விமானத்தில் திரும்பும் இராமன் கீழே கடற்கரையைப் பார்க்கும்போது, தமாலமும் பனை இன மரங்களும் அடர்ந்த கரை ஒரு மெல்லிய கருங்கோடாகத் தெரிகிறது. அங்கே மரம் வானிலிருந்து பார்க்கப்படும் நிறம். சங்கப் புலவரோ அந்தக் கோட்டுக்குள் இறங்கி, மரத்தின் அடியில் நின்று, அதன் முள்ளையும் மணத்தையும் அதில் தங்கும் பறவையின் குரலையும் சொல்பவர். இரு பார்வைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க இவ்வழி இடம் தருகிறது.

நீர்வேலியை அடுத்த சிறுப்பிட்டி, 1832இல் சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர். 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றியவர் அவரே. எட்டுத்தொகை நூல்களில் முதலில் அச்சுக் கண்டது கலித்தொகைதான். தொட்டால் ஓரம் உதிர்ந்தும் கட்டவிழ்த்தால் இதழ் முறிந்தும் கிடந்த ஏடுகளின் நிலையை அவர் தம் பதிப்புரையில் வருந்தி எழுதியிருக்கிறார். பனையோலையில் எழுதப்பட்ட நெய்தல் பாடல்களைப் பனை சூழ்ந்த ஊரில் பிறந்த ஒருவர் மீட்டெடுத்தார் என்பதோடு இச்செய்தி முடிந்துவிடுவதில்லை. அவர் அச்சிட்ட நூலில், நல்லந்துவனார் பாடிய நெய்தற்கலிப் பகுதியில், பனை தன் மிகக் கடுமையான குறியீட்டுப் பொருளைப் பெறுகிறது, அதுவே மடலேறுதல்.

விரும்பிய பெண்ணை அடைய முடியாத தலைவன், பனைமட்டையால் குதிரை உருவம் செய்து, அதற்கு மணி கட்டி, தான் எருக்கம்பூவும் ஆவிரையும் பூளையும் சூடி, நடுத்தெருவில் அதன்மேல் அமர்ந்து வருவதாக அறிவிப்பது மடலேறுதல் எனப்படும். மடலேறுவேன் என்று சொல்லும் அளவில் நிற்பது அகத்தின் வரம்புக்குள் அடங்கும். உண்மையாகவே ஏறிவிட்டால் தொல்காப்பியம் அதைப் பெருந்திணையில், அதாவது பொருந்தாக் காமத்தில், சேர்த்துவிடுகிறது. திருக்குறளின் நாணுத்துறவுரைத்தல் அதிகாரமும் இம்மரபையே எடுத்துக்கொள்கிறது. பனைமட்டையை நேரில் பாராத வாசகருக்கு இது புலவர் கற்பனை என்று தோன்றக்கூடும். சிறுப்பிட்டித் தெருவோரத்தில் விழுந்து கிடக்கும் ஒரு மட்டையை எடுத்துப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். மட்டையின் இரண்டு ஓரங்களிலும் நெடுக அரம்பப்பல் போல வரிசையாக அமைந்த கரிய முட்களுக்குக் கருக்கு என்று பெயர். பச்சையாக இருக்கும்போது தோலைக் கிழிக்கும் இக்கருக்கு, காய்ந்தபின்னும் கூர் குறையாததால், வேலி அடைப்பவர்கள் அதைக் கத்தியால் சீவி நீக்கிய பிறகே மட்டையைக் கையாளுகிறார்கள். அதன்மேல் ஊர் பார்க்க அமர்வேன் என்று ஒருவன் சொல்வது நாணத்தை விடுவதோடு உடம்பையும் பணயம் வைப்பதாகும்.

மடலேறுபவன் சூடும் எருக்கும் இவ்வழியில் எங்கும் உண்டு. ஒதுக்குப்புறங்களில் தானாக முளைத்து, ஆடுமாடு தீண்டாமல் நிற்கும் இச்செடியின் பூவை எவரும் தலையில் வைப்பதில்லை. அதனாலேயே அதைச் சூடியவன் ஊரின் ஒழுங்கிலிருந்து வெளியேறியவன் ஆனான். ஆயினும் எளியோர் இட்ட எருக்கையும் தெய்வம் மறுக்காது என்ற கருத்தைக் கபிலர் பாரியின் கொடைக்கு ஒப்பாக வைத்துப் புறநானூற்றில் பாடியுள்ளார். பிள்ளையார் சதுர்த்தியன்று எருக்கம்பூ மாலை கட்டும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. மனிதர் ஒதுக்கியதைத் தெய்வம் ஏற்கும் என்பதில் எருக்கின் இரு பொருள்களும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

அச்சுவேலியைக் கடந்ததும் தொண்டைமானாறு கடனீரேரியை ஊடறுக்கும் வல்லை வெளி தொடங்குகிறது. செம்மண்ணும் வேலிகளும் முடிந்து, உப்பூறிய தட்டை நிலமும், உமரி போன்ற தடித்த இலைச் செடிகளும், தொலைவில் சிதறிய பனைகளுமே எஞ்சும் இவ்வெளியில் நிழலுக்கு ஒதுங்க மரம் அரிது. மாசியில் ஆங்காங்கே தேங்கியிருக்கும் நீர் வற்றியபின் நிலம் வெடித்துக் கிடக்கும். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தால் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரம் சொல்லும் விளக்கத்துக்கு நெய்தலிலும் ஓர் ஒப்புமை காணலாம் என்பதை இவ்வெளி நினைவூட்டுகிறது: திணை என்பது வரைபடத்தில் பிரித்த எல்லையாக இராமல், பருவத்தோடு மாறும் ஒரு நிலையாகவும் இருக்கிறது.

நெல்லியடியைத் தாண்டிக் கிழக்கே சென்றால் மணல்மேடுகளின் நடுவே வல்லிபுர ஆழ்வார் கோயிலும், அதற்கு அப்பால் மணற்காடும் வருகின்றன. காற்று குவித்த மணல் ஒரு பழைய தேவாலயத்தின் சுவர்களையே விழுங்கியிருக்கும் மணற்காட்டில், அம்மணலை ஓரளவு கட்டிவைக்கும் கொடி அடும்பு. கணுவுக்குக் கணு வேர்விட்டுக் கடலை நோக்கி ஊர்ந்து செல்லும் இக்கொடியின் இலை நடுவில் பிளவுபட்டு இரண்டு மடலாக இருப்பதால் குறுந்தொகைப் புலவர் ஒருவர் அதை மானின் குளம்புக்கும், இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த அதன் பூவைக் குதிரையின் கழுத்து மணிக்கும் ஒப்பிட்டார். இலையை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பவர் முதல் ஒப்புமைக்கு மறுப்புச் சொல்ல மாட்டார். தலைவனின் தேர்ச்சக்கரம் அடும்பை அறுத்துச் சென்றது என்று தோழி சொல்லும்போது, அவன் இரவில் வந்துபோன தடம் காலையில் ஊருக்குத் தெரிந்துவிட்டது என்ற அச்சமும், மென்மையானது நசுக்கப்படுகிறது என்ற குறிப்பும் உடன் வருகின்றன. மணல் சுவடு காட்டும். அறுந்த கொடி வாடும். ஆகவே இரண்டும் சாட்சி.

அடும்புக்குப் பின்னால், மேட்டின் உட்புறத்தில், தாழை. விழுதுபோன்ற தாங்குவேர்களில் உயர்ந்து, ஓரமும் நடுநரம்பும் முள்ளாக உள்ள நீண்ட ஓலைகளுக்குள் வெண்மையான மடலை மறைத்து வைக்கும் இதன் பூ விரியும் தோற்றத்தைக் குறுந்தொகை நீர்ப்பறவையாகிய குருகோடு ஒப்பிடுகிறது. மணம் வெளியே பரவும், பூவை நெருங்க முடியாது என்ற இயல்பு, காவல் மிகுந்த வீட்டிலுள்ள தலைவியைச் சொல்லப் பொருத்தமாயிற்று. பிற்காலப் புராண மரபில் சிவனுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி சொன்னதால் தாழம்பூ அவர் பூசையிலிருந்து விலக்கப்பட்டது என்ற கதை எழுந்தது. மணமிருந்தும் சேர முடியாமை என்ற கரு அங்கும் தொடர்கிறது.

மணற்காட்டில் பரப்பால் மிகுந்து நிற்பது சவுக்கு. மணலைத் தடுப்பதற்காக நட்டு வளர்க்கப்பட்ட இம்மரத்தைச் சங்கப் புலவர் அறியார். காற்றில் ஓயாது ஒலிப்பதும், தன் அடியில் பிற செடிகளை எளிதில் வளரவிடாததும் ஆகிய தெளிவான இயல்புகள் இருந்தும், எந்தத் திணையும் அதைக் கருப்பொருளாக ஏற்றதில்லை. குடாநாட்டு மருதத்துக்கும் இது பொருந்தும்: இங்குள்ள தோட்டங்களின் உயிரான புகையிலையும் மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்த பயிர்கள், பல தலைமுறைகளை வாழவைத்த இவற்றுக்குப் பழைய இலக்கணத்தில் இருக்கை இல்லை.

இவ்விடத்தில் ஈழத்துப் பூதன்தேவனாரை எண்ணிப் பார்ப்பது தகும். சங்கப் புலவருள் ஈழத்தின் பெயரைத் தம் பெயரில் கொண்ட அவர் பாடியனவாக அகநானூற்றில் மூன்றும் குறுந்தொகையில் மூன்றும் நற்றிணையில் ஒன்றுமாக ஏழு பாடல்கள் கிடைத்துள்ளன. அவை குறிஞ்சியும் பாலையுமாக அமைந்தவை; நெய்தல் அவற்றுள் ஒன்றுமில்லை. கடல் சூழ்ந்த நாட்டின் பெயரைத் தாங்கியவர், யானை குத்தி வீழ்த்திய புலியைப் பூவாடிய வேங்கைக் கிளையாகக் கண்டார். திணைத் தாவரங்கள் எவ்வூர்ப் புலவரும் கற்றுக் கையாளக்கூடிய பொதுமொழியாக இருந்தன என்பதற்கு இது தக்க சான்று. ஆனால் மானடி போன்ற இலை என்றும், குருகு போல விரியும் மடல் என்றும் அம்மொழிக்குச் சொற்களை முதலில் தந்தவர், அச்செடியின் பக்கத்தில் குனிந்து பார்த்த ஒருவராகவே இருக்க முடியும். மரபும் காட்சியும் இவ்வாறு ஒன்றையடுத்து ஒன்றாக வருவன; ஒன்றைச் சொல்லி மற்றதை மறுக்க வேண்டியதில்லை.

மணற்காட்டிலிருந்து தெற்கே இறங்கும் கரையில் குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, தாழையடி, மருதங்கேணி, உடுத்துறை என்று ஊர்கள் தொடர்கின்றன. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கி ஏராளமான உயிர்களைக் கொண்டுசென்றது. உடுத்துறையில் அவர்களுக்கு நினைவாலயம் உண்டு. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், அதாவது கடலைப் பார்த்து நின்று வருந்துதல், என்று இலக்கணம் சொன்னது காதலரின் பிரிவைப் பற்றியே ஆயினும், இக்கரையில் நிற்பவருக்கு அச்சொல்லின் எல்லை விரிந்துவிடுகிறது. கரையோரத்துப் புன்னையைக் கண்டால் நற்றிணையின் பாடல் ஒன்று நினைவுக்கு வருவது இயல்பு: சிறுமியர் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை புன்னையாக முளைக்க, நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த அம்மரத்தை உன்னினும் சிறந்த தங்கை என்று தாய் சொன்னதால், அதன் நிழலில் தலைவனோடு பேச நாணமாக இருக்கிறது என்று தோழி கூறுகிறாள். அந்நாணத்தின் உள்ளே திருமணத்தை விரைவில் முடி என்ற வேண்டுகோள் இருக்கிறது. மரத்துக்கு உறவுமுறை கொடுத்தவர்கள் அதைத் தம் கையால் வளர்த்தவர்கள்.

மருதங்கேணியிலிருந்து உட்புறமாக வந்து ஏ9 சாலையை அடைந்தால் பளையின் தென்னந்தோப்புகளுக்கு அப்பால் முகமாலை. போரின் முன்னரங்காக ஆண்டுக்கணக்கில் கிடந்த இவ்விடத்தில், எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் வெறும் தூண்களாக நின்ற காட்சி, வடபுலத்தின் போர்க்கால அடையாளமாகவே மாறிவிட்டது. பனைக்கு வளரும் குருத்து உச்சியில் ஒன்றே; அது போனால் மரம் பக்கத்தில் கிளைக்காது. பாதுகாப்பு அரண் அமைக்க வெட்டப்பட்ட பனைகளும் மிகப் பல. அதன்பின் எழுந்த ஈழத்து எழுத்தில் பனை, இழப்பையும் நிமிர்வையும் சேர்த்துச் சொல்லும் குறியீடாகவும், வடலி, அதாவது இளம்பனை, மீண்டெழுதலின் குறியீடாகவும் ஆயின. மடலேறியவனின் பனைக்கும், சேரன் சூடிய பனம்பூவாகிய போந்தைக்கும் இல்லாத பொருள் இது.

இம்மாற்றத்துக்குப் போர் மட்டுமே காரணமன்று. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைந்து, கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் தோன்றுவதற்கு மிக முன்னரே, குடாநாட்டு வாழ்க்கை இம்மரத்தின்மேல் ஏறி நின்றது. மாசி மாதத்து முற்றத்தில் பாத்தியிலிருந்து கிண்டி எடுத்த கிழங்கு இரண்டாகக் கிழித்துக் காயவைக்கப்பட்டால் ஒடியல், அவித்துக் காயவைக்கப்பட்டால் புழுக்கொடியல். பழத்தின் களியைப் பாயில் ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. சுண்ணாம்பிட்ட முட்டியில் இறக்கினால் கருப்பநீர், அதைக் காய்ச்சினால் பனங்கட்டி. ஓலையில் கடகமும் குட்டானும் நீத்துப்பெட்டியும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் தால விலாசம் என்று பனைக்கே ஒரு நூல் செய்தார். முதுமையை ஏளனம் செய்யும் இளமைக்குப் பதிலாகக் காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்று கிராமத்துப் பெரியோர் சொல்வதும் இப்பழக்கத்தின் விளைவே. தினையளவு உதவியைப் பனையளவாகக் கொள்ளச் சொன்ன திருவள்ளுவருக்குப் பனை பெரியது என்ற அளவு போதுமானதாக இருந்தது. அதில் நாள்தோறும் ஏறி இறங்கும் சமூகத்துக்கு அதன் ஒவ்வொரு உறுப்பும் தனிச்சொல்லானது.

இதற்கு எதிர்நிலையும் உண்டு. நெய்தல் பாடல்களில் புன்னையோடு சேர்ந்தே வரும் ஞாழல் எந்த மரம் என்பதில் இன்று ஒருமித்த கருத்தில்லை. திருக்குறள் புகழ்ந்த அனிச்சமும் அவ்வாறே. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது பூக்களில் சில, உ. வே. சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை வெளியிட முயன்றபோது ஏடுகளிலேயே விடுபட்டிருந்து, தருமபுர ஆதீனத்து ஏட்டிலிருந்து மீட்கப்பட்டன. ஏட்டில் உதிர்ந்த பூவை இன்னோர் ஏட்டிலிருந்து மீட்கலாம்; கையும் கண்ணும் மறந்த செடியை எந்த ஏடும் மீட்டுத்தராது. மணல் அகழ்வால் மேடுகள் குறைந்துவரும் வடமராட்சி கிழக்கில் அடும்புக்கும் தாழைக்கும் அந்நிலை வர வாய்ப்புண்டு. எனவே நெய்தல் திணையைக் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரை ஒருநாள் மணற்காட்டுக்கு அழைத்துச் செல்வது உரைநூலின் ஒரு பகுதியைப் படிப்பிப்பதற்கு ஈடாகும். அங்கே சவுக்கின் அடியில் நின்று, பழைய புலவர் அறியாத இம்மரத்துக்கு எந்த உரிப்பொருளைத் தரலாம் என்று அவர்களைக் கேட்பது, அத்திணையைத் தொடர்ந்து எழுதச் சொல்வதாகும்.